நாலாம் நாள் வாசகம்

சவப்பெட்டி போன அன்றே பினைல் ஊற்றி மூன்று தரம் கழுவிய ஹோலில், நாலாம் நாள் பின்னேரம் பிரேதம் கெடாமல் ஏற்றிய எம்பாம் மருந்தின் மணம் திரும்பவும் வந்திருந்தது. ஐறீன் ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டாள். துறைமுகப் பக்கத்துக் காற்று டீசல் நெடியையும் கருவாட்டு வாடையையும் சேர்த்துக்கொண்டு உள்ளே வந்து சுற்றிவிட்டுப் போனது. அந்த மணம் மட்டும் அசையாமல் நின்றது. வேறு யாருக்கும் அது பட்டதாகத் தெரியவில்லை. செபத்துக்கு வந்த பெண்கள் பிளாஸ்டிக் கதிரைகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஹியூபேட் அங்கிளப் போல ஒரு மனுசன் இனி வருமா?" என்று மூக்கைச் சிந்தினார்கள்.

வராமல் இருந்தால் போதும் என்று அவருடைய பெண்சாதி ஐறீன் நினைத்தாள்.

கோயிலில் எல்லாருக்கும் கை கொடுத்துச் சிரித்த மனுசன்தான். ஆனால் கேட்டில் அவருடைய சாவிக்கொத்துத் தட்டுப்படும் சத்தம் கேட்டால் இருபத்தாறு வருடமாக அவள் குசினிக்குள் போய் நின்றுகொள்வாள். இடது மணிக்கட்டு இன்றைக்கும் நேராக இல்லை. படியில் விழுந்ததாக ஆஸ்பத்திரியில் அவள் சொன்ன பொய்க்குப் பக்கத்தில் நின்று தலையாட்டியவள் ஹியூபேட்டின் அக்கா மெற்றில்டா. அடக்கப் பூசையில் பங்குச் சுவாமி வேறு, கடைசி நாளில் ஹியூபேட் உயிர்த்தெழுவார், ஐறீன் அவரை மறுபடியும் காண்பார் என்று சொன்னார். சனம் ஆமென் என்றது. ஆறுதலாம்!

அதனால்தான் அவள் அதைச் செய்தாள். பிரேதத்தின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிய வெள்ளை நாடாவை, பெட்டி மூடுமுன் பெண்சாதி அவிழ்த்துவிட வேண்டும். எழும்பும் நாளில் எழும்பி நடக்க வேண்டுமே. ஐறீன் குனிந்தாள். சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு, இருந்த முடிச்சின் மேல் இன்னும் இரண்டு முடிச்சைப் பல்லைக் கடித்து இறுக்கினாள். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள்.

ஆறரைக்கு மெற்றில்டா பைபிளில், செத்த லாசரை யேசு நாலாம் நாள் கல்லறையிலிருந்து எழுப்பும் பக்கத்தைத் திறந்து அவள் மடியில் வைத்தாள்.

"நாலாம் நாள் பெண்சாதிதான் லாசரை வாசிக்கிறது. அவன்ட பேர் வாற இடத்தில தம்பியிட பேரைச் சொல்லு. எங்கட வீட்டு வழக்கம்."

"தொண்டை சரியில்ல மச்சாள்."

"சனம் பார்த்துக்கொண்டிருக்கு. வாசி."

வாசித்தாள். அடக்கி நாலு நாளாகிவிட்டது, நாற்றமெடுக்கும் என்று லாசரின் சகோதரி சொல்லும் இடத்தில் மருந்து மணம் அவள் தொண்டைக்குள் இறங்கியது. கதையில் கல்லறைக் கல்லை எடுத்தார்கள். அந்தப் பேர் வரும் வரியில் நாக்கு நின்றது. மெற்றில்டாவின் விரல் அவள் முழங்கையை அழுத்தியது.

"ஹியூபேட், வெளியே வா."

தெருவில் காகங்கள் கத்துவதை நிறுத்தின. கேட் கிறீச்சிட்டது. பிறகு ஒரு சத்தம். தொம்.

சின்ன வயதில் மறைக்கல்வி வகுப்பில் அவள் கேட்டிருக்கிறாள், கைகாலைக் கட்டியிருந்தால் லாசர் எப்படி நடந்து வந்தான் என்று. சிஸ்டர் காதைத் திருகினாரே தவிரப் பதில் சொல்லவில்லை. பதில் இப்போது முற்றத்தில் கேட்டது. இரண்டு கால்களும் ஒன்றாக விழுந்தன.

தொம். கொஞ்சம் பொறுத்து, தொம். வாசற்படி ஏறியது. அவரை அடக்கிய மாதம்பிட்டி மயானத்து ஈரமண் மணத்தது. பெண்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியும் திரும்பவில்லை.

வாசல் திரைச்சீலை உள்பக்கம் உப்பியது. காற்று இல்லை. திரைக்குக் கீழே இரண்டு பாதங்கள். மண். சேர்ந்திருந்த பெருவிரல்கள். வெள்ளை நாடா. அவள் போட்ட முடிச்சு.

"ஏன் நிப்பாட்டினனி?" மெற்றில்டா கண் திறக்காமலே கேட்டாள். "மிச்சத்தையும் வாசி."

மிச்சம் ஒரு வரிதான். ஐறீனுக்கு அது மனப்பாடம். உயிர் போனாலும் சொல்லமாட்டேன் என்று உதட்டைக் கடித்தாள். இரத்தம் உப்புக் கரித்தது.

எத்தனையோ செத்தவீட்டில் கேட்டுப் பழகியவர்கள் அந்தப் பெண்கள். பாவம், அழுகிறாள் என்று இரங்கினார்கள். அவளுக்காக அவர்களே சேர்ந்து சொன்னார்கள்.

"கட்டை அவிழ்த்து அவனைப் போகவிடுங்கள்."

முதலாம் முடிச்சு தளர்ந்தது. இரண்டாவது. மூன்றாவது.

நாடா தரையில் விழுந்தது. ஒரு கால் தனியாக, திரையைத் தாண்டி, உள்ளே வந்தது.