தட்டுலயே விடுங்க

ஏழு முட்டை வைத்த தட்டில் எட்டு இருந்தன.

ஊசிக்கை மறுபடி எண்ணினார். கருத்தரிப்பு மையத்து நுண்ணோக்கியின் கீழ், இளஞ்சிவப்புத் திரவத்தில், ஒவ்வொரு முட்டையும் பஞ்சுப்பொதி மாதிரி செல்களைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. எண்ணினால் எட்டு. எது கூடுதல் என்று தேடினால் எல்லாம் ஒன்றுபோல.

"ஏம்மா, காலையில எத்தனை எடுத்தாங்க?"

"ஏழு சார். நீங்கதானே எண்ணுனீங்க?" உதவியாளப் பெண் குனிந்து பார்த்தாள். "ஏழுதான் இருக்கு. பொண்ணோடதுன்னதும் உங்களுக்குக் கண்ணு ரெட்டிக்குது."

அவரும் சிரித்துவைத்தார். அவருடைய ஒரே மகளின் முட்டைகள் அவை. இரண்டு முறை தோற்று இது மூன்றாவது. இனிமேல் அவள் உடம்பு முட்டை தராது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். இந்த ஏழு போனால் எல்லாம் போயிற்று.

கருவாக்க வழி இரண்டு. தட்டு வழி என்பது காதல் கல்யாணம்: முட்டையோடு விந்தை ஒரே தட்டில் விட்டு மூடிவிட வேண்டியது, ஆயிரம் பேர் முண்டியடிப்பார்கள், கெட்டிக்காரன் உள்ளே போவான். ஊசி வழி நிச்சயித்த கல்யாணம்: இவரே ஒரு மாப்பிள்ளையைப் பொறுக்கி, ஊசிக்குள் உறிஞ்சி, முட்டையைக் குத்தி உள்ளே தள்ளிவிடுவார். அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அதனால்தான் ஊசிக்கை என்று பெயர். மருமகனின் விந்தில் குறையில்லை. ஆகவே மகளும் மருமகனும் தட்டு வழிக்கே கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

அந்த அறைக்குச் சன்னல் இல்லை. வெளியே பகல் மூன்று மணி. உள்ளே விளக்கைத் தணித்த நிரந்தர இருட்டு, காற்று வடிகட்டியின் ஓயாத மூச்சு. வாசனைச் சோப்புகூட ஆகாத அந்த இடத்தில், இப்போது எங்கிருந்தோ ஒரு வாசம் கசிந்து வந்து மூக்கில் ஒட்டியது. தையல் மெஷின் எண்ணெய்.

அந்த வாசம் யாருடையது என்று அவருக்குத் தெரியும்.

நாலு வருஷத்துக்கு முன் ஒரு தையல்காரி வந்தாள். "நான் ஊசி பிடிக்கிறவ சார். எந்தத் துணி குத்துனா கிழியும்னு தெரியும். எனக்கு ஊசி வேண்டாம். தட்டுலயே விடுங்க, அதுவா சேரட்டும்" என்றாள். சரிம்மா என்றார். அன்றைக்கென்று வேறு ஆஸ்பத்திரிக்காரர்கள் இவர் கைவேலையைப் பார்க்க வந்துவிட்டார்கள். விருந்தாளிகள் முன்னால் தட்டை மூடிவைத்துவிட்டுச் சும்மா உட்காருவதா? ஊசியை எடுத்தார். முனை மழுங்கியிருந்தது. முதல் முட்டை கிழிந்தது. நிறுத்தியிருக்கலாம். நாலு பேர் பார்க்கும்போது நிறுத்தினால் மானம் என்னாவது? பதினொன்றையும் கிழித்தார். அறிக்கையில் 'முட்டைகள் தரமற்றவை' என்று எழுதி, கூட இருந்து பார்த்தவர் போடவேண்டிய சாட்சிக் கையெழுத்தையும் இடது கையால் தானே கிறுக்கினார்.

அந்த ஒரு சொல்லைக் காட்டி அவள் புகுந்த வீட்டார் அவளை வெளியே அனுப்பினார்கள். நர்ஸ் ஒருத்தி வாய்தவறி உண்மையைச் சொல்ல, தையல்காரி இதே கதவருகே வந்து நின்றாள்.

"ஒண்ணு கிழிஞ்சதும் நிறுத்தியிருந்தா பத்து மிச்சம் சார். தையல் பழக வந்த பிள்ளைக்குக்கூட இது தெரியும்."

"துணி மட்டமா இருந்தா ஊசி என்னம்மா பண்ணும்?" என்றார் இவர்.

அவள் அழவில்லை. "உங்க வீட்டுத் துணியில கை வைக்கிற அன்னிக்கு வர்றேன்" என்று சொல்லிப் போனாள். அடுத்த மாதமே செத்துப்போனாள்.

ஊசிக்கை தட்டை மூடிவைத்துவிட்டு மகளைப் பார்க்கப் போனார். மயக்கம் பாதி தெளிந்த நிலையில் அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் ஐஸாக இருந்தன.

"ஊசி வேண்டாம்ப்பா. தட்டுலயே விடுங்க. அதுவா சேரட்டும்."

"இதை யாரும்மா உனக்குச் சொன்னது?"

"இப்ப வந்துட்டுப் போனாங்களே, அந்தக்கா."

"சரிம்மா" என்றார். அதே சரிம்மா.

திரும்பி வரும்போதே மனம் கணக்குப் போட்டது. அந்த எட்டாவதையும் சேர்த்து ராத்திரி முழுக்க மூடிவைத்தால் நாளைக்கு எது வளரும்? எதை மகள் வயிற்றில் வைப்பார்கள்? செல் போர்வையைக் கழற்றினால் வேற்று முட்டை தெரிந்துவிடும். ஒதுக்கிவிட்டு, ஏழுக்கும் ஊசி. தன் கை, தன் கண். அதுதான் பத்திரம்.

"நீ போய்ச் சாப்பிட்டு வாம்மா."

"சாட்சிக் கையெழுத்து சார்?"

"வந்து போட்டுக்கலாம்."

கதவு சாத்தியது. முட்டைகளின் போர்வையைக் கழற்றினார். எட்டும் கண்ணாடிக் குண்டுகளாய் மின்னின. எட்டும் ஒன்றுபோல. இருந்தும் புத்தம்புது ஊசியைப் பொருத்தினார். இடப்பக்கக் குழல் முதல் முட்டையை உறிஞ்சிப் பிடித்தது. வலப்பக்கத்திலிருந்து ஊசி நகர்ந்தது. முட்டையின் சுவர் மெல்லக் குழிந்தது. குழிந்தது. உள்ளே போனது.

கிழிந்தது.

காற்று வடிகட்டியின் மூச்சு தாளம் மாறியது. தடதட. தடதட. மெஷின் மிதிக்கும் சத்தம்.

நிறுத்த வேண்டும். மகளுடையதில் இன்னும் ஆறு மிச்சம். நிறுத்து. கை நிற்கவில்லை. இரண்டு. கைமேல் இன்னொரு கை இருந்தது. ஐஸாக. மூன்று. நாலு. எண்ணெய் வாசம் தொண்டைக்குள் இறங்கியது. ஐந்து. "என் பொண்ணும்மா" என்றார். "என் பொண்ணு." ஆறு.

ஏழு.

எட்டாவதை ஊசி தொடவில்லை. அது தானாகத் திரும்பியது. விந்து சேர்ந்து ஒரு ராத்திரி கழித்துத் தோன்ற வேண்டிய இரண்டு வட்டங்கள் அதற்குள் இப்போதே எழுந்தன. பக்கத்தில் பக்கத்தில். நடுவில் கரும்புள்ளிகளோடு. அவரை நிமிர்ந்து பார்த்தன.

மேசையிலிருந்த தாளில் சாட்சிக் கையெழுத்து ஈரமாக மின்னியது. பக்கத்தில், பொடி எழுத்தில்: துணி நல்ல துணி.

சுவருக்கு அப்பாலிருந்து மகளின் குரல். "அப்பா, தட்டுலதானே விட்டீங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்தார். பிடரியை ஏதோ கவ்வி உறிஞ்சியது. தலையை அசைக்க முடியவில்லை. கண்ணை மட்டும் திருப்பினார்.

வலப்பக்கச் சுவர், அவர் உயரத்துக்கு நேராக, முட்டையின் சுவர் மாதிரி மெல்ல உள்நோக்கிக் குழிந்துகொண்டிருந்தது.