முகத்தில் விழாத மடிப்பு

"என் இடுப்புல இருக்கிற சாவியைப் பிடுங்க நீங்க யாரு?"

"வட்டச் செயலாளர்! பீரோ சாவி கட்சிக்குச் சொந்தம். பட்டியலை வித்துத் தின்னவங்களுக்குச் சொந்தமில்ல!"

"இன்னொரு தடவை சொல்லுங்க. வித்துத் தின்னவன்னு இன்னொரு தடவை சொல்லுங்க பாக்கலாம்!"

இந்தப் பேச்சு தபால்காரர் வீட்டு வாசலுக்கு வந்து சேர்வதற்குள் நான்கு தெருவும் அதைக் கேட்டு முடித்திருந்தது. செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி. வெள்ளிக்கிழமை ஓட்டுப்பதிவு. செயலாளரைச் சட்டைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்து வந்தவர் பட்டியல் அக்கா. "இவர் சொல்லட்டும். இவர் என்னைக் களவாணின்னு சொன்னா நானே சாவியைக் கழட்டித் தரேன்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

தபால்காரர் முப்பத்தொரு வருஷம் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவர். எல்லார் வீட்டு அஞ்சலட்டையையும் அவர் படித்திருப்பார் என்பது எங்கள் நம்பிக்கை. ஒன்றைக்கூட வெளியே சொன்னதில்லை என்பது எங்கள் வருத்தம். இதற்கு முன் காணாமல் போன இரண்டு நகைகளையும் ஒரு மருமகளையும் சத்தமில்லாமல் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார்.

"உக்காருங்க செயலாளரே. முதல்லேருந்து சொல்லுங்க. கத்தாம."

செயலாளருக்குக் கத்தாமல் பேச வராது. இருந்தாலும் விஷயம் விளங்கியது. அன்று விடிகாலையில் கட்சி வேட்பாளரைத் தாக்கி ஒரு நோட்டீஸ் வீடு வீடாகக் கதவுத் தாழ்ப்பாளில் செருகப்பட்டிருந்தது. நடுவில் அவருடைய படம். கீழே, 'பெற்ற தாயை வெளியே தள்ளியவன் உன்னையா உள்ளே வைத்துப் பார்ப்பான்?' வேட்பாளர் டயர் கடை வைத்திருப்பவர். அவருடைய அம்மா நான்கு வருஷமாக மகள் வீட்டில்தான் இருக்கிறார். அதனால் நோட்டீஸைப் பொய் என்று சொல்வதற்கும் ஒரு சங்கடம் இருந்தது.

"எல்லா வீட்டுக்கும் போயிருந்தா நான் ஏன் கத்தறேன்? சந்தேக வீடுகளுக்கு மட்டும் போயிருக்கு. பட்டியல் இல்லாம அது முடியுமா?"

பட்டியல் என்றால் அக்காவின் பட்டியல். ஒவ்வொரு தேர்தலுக்கும் வாக்காளர் பட்டியலும் பென்சிலுமாக வார்டு முழுக்க ஏறி இறங்குவார். நம் ஓட்டு என்றால் டிக், அவர்கள் ஓட்டு என்றால் பெருக்கல் குறி, சந்தேகம் என்றால் வட்டம். வட்டம் போட்ட வீடுகளுக்கு மறுபடி மறுபடி போவார். இருபத்திரண்டு வருஷமாக இந்த வேலை. இந்தத் தடவை சீட்டு அக்காவுக்குத்தான் என்று நாங்கள் எல்லோரும் முடிவே செய்திருந்தோம். மூன்று வருஷத்துக்கு முன் கட்சிக்கு வந்த டயர் கடைக்காரருக்குப் போயிற்று. அக்கா ஒரே ஒரு நாள் ஆபீஸுக்கு வரவில்லை. மறுநாள் பென்சிலைச் சீவிக்கொண்டு வந்துவிட்டார்.

"சீட்டு கிடைக்காத வயித்தெரிச்சல். எதிர்க்கட்சிக்காரன்கிட்ட கொடுத்துட்டாங்க. பீரோ சாவி இவங்ககிட்ட மட்டும்தான் இருக்கு" என்றார் செயலாளர். "நாளைக்குச் சாயங்காலம் கூட்டத்துல மைக்ல பேரைச் சொல்லிக் கட்சியை விட்டு நீக்கப்போறேன். கல்யாணப் பேச்சும் அதோட சரி."

அங்கேதான் அக்காவின் குரல் இறங்கியது. செயலாளரின் மகனுக்கும் அக்காவின் ஒரே மகளுக்கும் அடுத்த மாதம் கல்யாணம். முந்தின நாள் வரை வார்த்தைக்கு வார்த்தை 'சம்மந்தி' என்று கூப்பிட்டவர், இப்போது 'இவங்க' என்றார்.

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்குல்ல?" என்றார் தபால்காரர். "டீ சாப்பிட்டுட்டுப் போங்க."

அவர்கள் போனதும் சமையலறையிலிருந்து தபால்காரரின் மச்சினன் வந்தான். வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். தன் அக்கா வீட்டில் சாப்பிட வருவதாகச் சொல்லிக்கொண்டு அத்தானின் வழக்குகளை ஒட்டுக்கேட்க வருபவன். கண் இரண்டும் செக்கச்செவேல் என்றிருந்தன. சனிக்கிழமை முழுக்கக் கண்ணாடி போடாமல் வேட்பாளரின் திறந்த ஜீப்புக்கு ஒரு தணிந்த படியும் கைப்பிடியும் பற்றவைத்ததன் பலன்.

"எனக்குப் புரிஞ்சு போச்சு அத்தான். எதிர்க்கட்சிக்காரன் பீரோவை உடைச்சிருக்கான்."

"பூட்டு நல்லா இருக்காம் மாப்ளே."

"அப்போ செயலாளர்."

"சரி. மத்தியானத்துக்குள்ள இன்னும் ரெண்டு பேர் மிச்சம் வை. வா, நடப்போம்."

பழைய தபால் பாதையிலேயே இருவரும் நடந்தார்கள். நோட்டீஸ் வந்த வீட்டில் எல்லாம் அதைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார் தபால்காரர். நாலாவது தெருவில் வெல்டர் ஒன்றை எடுத்து முன்னும் பின்னும் திருப்பினான்.

"அத்தான், இது நம்ம கட்சி மடிப்பு!"

உண்மைதான். எதிர்க்கட்சிக்காரர்கள் நோட்டீஸை இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக மடிப்பார்கள். மடிப்பு வேட்பாளரின் மூக்கு மேல் விழும். எங்கள் செயலாளருக்கு அது ஆகாது. மூன்றாக மடிக்க வேண்டும், படம் நடுப்பகுதியில் அலுங்காமல் இருக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வரும் யாருக்கும் முதல் நாள் பாடம் இதுதான். இந்த நோட்டீஸும் அப்படியே, முகத்தில் ஒரு கோடு விழாமல் மூன்றாக மடிந்திருந்தது.

"அப்படின்னா..." வெல்டரின் முகம் தொங்கிப்போயிற்று. "நம்ம ஆளுதான். பட்டியல் அக்காவேதானா?"

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனார்கள். அதற்குள் சாவியைப் பிடுங்கியாயிற்று, பட்டியலைத் தர மறுத்தாயிற்று. ஆனாலும் அக்கா தரையில் உட்கார்ந்து பழைய நோட்டு ஒன்றில் மனப்பாடமாக வீட்டு எண்களை எழுதிக்கொண்டிருந்தார். மகள் பக்கத்தில் வாக்காளர் சீட்டு எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடைசியா எப்போ குறி மாத்தினீங்க?"

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம். பதினோரு வட்டத்தை அழிச்சு டிக் போட்டேன். நாலு டிக்கை அழிச்சு வட்டம் போட்டேன். அழிச்ச தடமே தெரியாது, பாத்துப் பாத்து அழிப்பேன்."

"அந்தப் பதினஞ்சு வீட்டையும் சொல்லுங்க."

அக்கா மூச்சு விடாமல் சொன்னார். தபால்காரர் நோட்டீஸ் வந்த வீடுகளைக் குறித்து வைத்திருந்த காகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். "அதுக்கு முந்தி பட்டியல் பீரோவை விட்டு வெளியே போச்சா?"

"சனிக்கிழமை வேட்பாளர் படிச்சுப் பாக்கணும்னு வீட்டுக்குக் கொண்டுபோனார். ஞாயித்துக்கிழமை காலைல திருப்பிக் கொடுத்துட்டார். அதைப் போய் யார்கிட்ட சொல்ல? தன்னைத் தானே யாராவது திட்டி நோட்டீஸ் போடுவாங்களா?"

புதன்கிழமை காலை அந்தக் கேள்விக்குப் பதில் ஜீப்பில் ஏறி வந்தது. வேட்பாளர் நேராகத் தன் அக்கா வீட்டு வாசலில் இறங்கி, தெருவே பார்க்க அம்மாவின் காலில் விழுந்தார். "என்னையும் உன்னையும் சேர்த்து அசிங்கப்படுத்திட்டாங்கம்மா!" என்று மைக்கிலேயே அழுதார். மூட்டுவலிக்காரி அம்மா மெதுவாக ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். ஒன்பது தெரு சுற்றினார்கள். முந்தின நாள் நோட்டீஸைப் படித்துவிட்டு உச்சுக்கொட்டியவர்கள் இன்று முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். நாங்களும்தான்.

மத்தியானம் மூன்று மணிக்குத் தபால்காரர் கட்சி ஆபீஸுக்குப் போனார். வேட்பாளர், செயலாளர், அக்கா எல்லோரும் இருந்தார்கள். மேஜையில் அக்காவின் மகள் வாக்காளர் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். கதவுக்கு உள்பக்கம் பசை வாளியோடு செயலாளரின் மகன். வெல்டர் கதவைச் சாத்தினான், அவனை யாரும் சாத்தச் சொல்லாவிட்டாலும்.

தபால்காரர் நோட்டீஸ்களை மேஜையில் பரப்பினார். "திட்ட வந்தவன் இந்த முகத்துக்கு எதுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்து மடிச்சான்?"

"அதைத்தானே நான் சொல்றேன்!" செயலாளர் எழுந்தார். "நம்ம ஆபீஸ் கை. இவங்க கை!"

"இருங்க. அக்கா ஞாயித்துக்கிழமை பதினோரு வட்டத்தை அழிச்சாங்க. அந்தப் பதினோரு வீட்டுக்கும் நோட்டீஸ் போயிருக்கு. புதுசா நாலு வட்டம் போட்டாங்க. அந்த நாலுக்கும் போகல. நோட்டீஸ் கொடுத்தவன் கையில இருந்தது சனிக்கிழமைக் குறி. அக்கா கொடுத்திருந்தா, தானே அழிச்ச குறியை ஏன் கொடுக்கப் போறாங்க? சனிக்கிழமை பட்டியல் யார் வீட்டுல இருந்துச்சு?"

யாரும் வேட்பாளரைப் பார்க்கவில்லை. அதுவே பார்த்த மாதிரி இருந்தது.

"ஒரே ஒரு வட்டம் மட்டும் விட்டுப் போயிருக்கு" என்றார் தபால்காரர். "சனிக்கிழமையும் வட்டம், ஞாயித்துக்கிழமையும் வட்டம். ஆனா நோட்டீஸ் போகல. வேட்பாளரோட அக்கா வீடு. எதிரியா இருந்தா முதல் நோட்டீஸை அங்கேதான் செருகியிருப்பான்."

வேட்பாளர் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "எங்க அம்மா இருக்கிற வீட்டுக்கு வட்டமா?"

"மூணு தடவை போனேன்" என்றார் பட்டியல் அக்கா. "'அவனே வந்து கேக்கட்டும், அப்புறம் பாக்கலாம்'னு உங்க அம்மாதான் சொன்னாங்க."

வெல்டருக்குப் பொறுக்கவில்லை. "ஆனா அத்தான், அவரே எதுக்கு அவரைத் திட்டிக்கணும்?"

"ஜீப்புல யாருக்கு மாப்ளே படி வெச்சே?"

"வேட்பாளருக்கு... " வெல்டர் நிறுத்தினான். வேட்பாளர் ஆறடி. ஓடுகிற ஜீப்பில் தாவி ஏறுபவர். "முழங்கால் வலிக்காரங்க ஏறற மாதிரி தணிவா வேணும்னு சொன்னார்."

"சனிக்கிழமை சொன்னார். திட்டினது செவ்வாய்க்கிழமை. அம்மாவைக் கூட்டிக்கிட்டு வர்ற அளவுக்கு மனசு உருகினது இன்னைக்கு. படி மட்டும் நாலு நாள் முந்திக்கிச்சு."

வெல்டர் தன் சிவந்த கண்ணைத் தேய்த்துக்கொண்டான். வேட்பாளர் சிரித்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அது என்னவோ போல் இருந்தது.

"இன்னைக்கு ஒரு நாள்ல எத்தனை வட்டம் டிக் ஆச்சு தெரியுமா? அக்கா வேணா போய்ப் பாத்துட்டு வரட்டும்."

"மடிச்சது யாரு?" என்றார் தபால்காரர்.

பசை வாளி தரையில் உட்கார்ந்த சத்தம் கேட்டது. "டயர் கடைல கட்டுக் கட்டா கொடுத்தாங்க. மடிடான்னு அப்பா சொன்னார்" என்றான் செயலாளரின் மகன். "கை பழக்கத்துல மடிச்சுட்டேன். உள்ள என்ன எழுதியிருக்குன்னு நான் படிக்கல."

அக்காவின் மகள் பேனாவை மூடி வைத்தாள். "படத்துல மடிப்பு விழாம மடிச்சிருக்கீங்க. படத்துக்குக் கீழே இருந்தது கண்ணுல படலியா?"

அவன் குனிந்து வாளியிலிருந்த பசையைக் கிண்டினான்.

"தெரிஞ்சேதான் கத்தினீங்களா?" என்று செயலாளரைக் கேட்டார் அக்கா.

"யார் மேலயாவது கத்தணும்ல?" செயலாளரின் குரல் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தணிந்திருந்தது. "கத்தலேன்னா, நம்ம பட்டியல் எப்படி வெளியே போச்சுன்னு ஊரு கேக்கும். நீங்க தாங்குவீங்கன்னு நினைச்சேன். சம்மந்தி, வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கங்க. சனிக்கிழமை காலைல முதல் வேலையா நானே மைக்ல சொல்றேன். கல்யாணத் தேதியில மாத்தமே இல்ல."

"அம்மா, வேண்டாம்" என்றாள் மகள்.

அக்கா மேஜையிலிருந்த பட்டியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இத்தனை வட்டத்துக்கும் படியேறினவ நான். கட்சி தோத்தா நான் தோத்த மாதிரி. வெள்ளிக்கிழமை வரைக்கும்தான்" என்றார்.

வெளியே வந்ததும் வெல்டர் குதித்தான். "நான் போய் நாலு தெருவுக்கும் சொல்றேன்!"

"அவங்க விஷயம் மாப்ளே. நான் கொண்டுவந்து கொடுக்கறவன். பிரிச்சுப் படிக்கறதும் அடுப்புல போடறதும் வாங்கினவங்க இஷ்டம்."

"இதுக்கா அத்தான் ரெண்டு நாளா நடந்தோம்?"

தபால்காரர் செருப்பைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

அன்று சாயங்காலக் கூட்டத்தில் செயலாளர் அக்காவின் பெயரைச் சொல்லவில்லை. "துரோகி யாரென்று தெரிந்துவிட்டது. பெயரைச் சொல்லி இந்த மேடையை அசிங்கப்படுத்த விரும்பவில்லை" என்றார். கூட்டம் மொத்தமும் திரும்பி, வாக்காளர் சீட்டு கொடுத்துக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தது.

கட்சி தொண்ணூற்று நாலு ஓட்டில் ஜெயித்தது. ஞாயிற்றுக்கிழமை வேட்பாளரின் அம்மா ஆட்டோவில் மகள் வீட்டுக்குத் திரும்பினார். சனிக்கிழமை காலை மைக் வெற்றி ஊர்வலத்தில் இருந்தது. அதற்கடுத்த சனிக்கிழமை வாடகை மைக்கைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். வெல்டர் வாயைக் கட்டிப்போட முடியுமா, பத்தே நாளில் எங்கள் எல்லோருக்கும் உண்மை தெரிந்துவிட்டது. ஆனால் மைக்கில் சொல்லாத உண்மைக்கு எங்கள் தெருவில் அவ்வளவு மதிப்பில்லை. 'எதுவும் இல்லாமலா பேசியிருப்பாங்க' என்று சொல்ல எப்போதும் ஒருத்தர் இருந்தார். சில நாள் அது நாங்களாகவே இருந்தோம்.

கல்யாணத்தை நிறுத்தியது பெண்தான். "எங்கம்மா எனக்காக முழுங்கினது போதும்" என்று செயலாளர் வீட்டு வாசலில் நின்றே சொல்லிவிட்டு வந்தாள். பையன் அந்த வருஷக் கடைசியிலேயே வேட்பாளரின் அக்கா மகளைக் கட்டிக்கொண்டான். அந்தக் கல்யாணத்துக்குத் தபால்காரருக்கும் பத்திரிகை வந்தது. போகவில்லை. வெல்டர் போனான், பந்தலுக்குக் கம்பி பற்றவைத்தவன் என்ற முறையில். அக்காவின் மகள் இரண்டு வருஷம் கழித்து ஒரு மருந்துக் கடைக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு வெளியூர் போனாள். அடுத்த மாதமே அம்மாவையும் அழைத்துக்கொண்டாள்.

எங்கள் வார்டில் யார் குடி போனாலும், யார் குடி வந்தாலும் முதலில் தெரிவது அக்காவுக்குத்தான். அவர் போனது எங்களுக்குத் தெரிய ஒரு வாரம் ஆயிற்று.