மூன்றாவது வரி

கணினி அன்று பத்து எண்ணவில்லை.

ஆறு வருஷமாக அது எண்ணாமல் திறந்ததே கிடையாது. பொத்தானை அழுத்தினால் உள்ளே விசிறி ஒரு தும்மல் போடும், கறுப்புத் திரையில் இரண்டே வரிகள் வரும், கீழே பத்து, ஒன்பது, எட்டு என்று எண்கள் இறங்கும். அது முடிவதற்குள் எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். முதல் வரி 'நான்'. இரண்டாவது வரி 'நீ'. ஒரே பெட்டிக்குள் இரண்டு குடித்தனம். 'நான்' கணவருடைய பக்கம், 'நீ' அவளுடையது. பெயர் வைத்தவர் அவர்தான். தமிழ் எழுத்து அந்தத் திரையில் ஒழுங்காக வராது என்று எல்லாரும் சொன்னதைக் கேட்காமல் இரண்டு வாரம் மல்லுக்கட்டி வரவழைத்தார். வந்தது, ஆனால் 'நான்' என்பதன் கடைசிப் புள்ளி மட்டும் எழுத்தின் தலையில் உட்காராமல், கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனவள் போல வலது பக்கம் தள்ளி நின்றது.

அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு கூசும். பதிப்பகங்களிலிருந்து வரும் அச்சுப்படிகளை வீட்டில் உட்கார்ந்து திருத்துவது அவள் தொழில். தொழில் என்றா சொன்னோம், அது ஒரு வியாதி. லிஃப்டில் ஒட்டியிருந்த தண்ணீர் அறிவிப்பில் சிவப்புப் பேனாவால் விட்டுப்போன புள்ளிகளை வைத்துவிட்டு வந்த நாளிலிருந்து, குடியிருப்பு முழுக்க அவளுக்குப் புள்ளியம்மா என்றுதான் பெயர்.

கணவர் போய் எட்டு மாதம் ஆகிறது. போனவர் வீட்டிலிருந்து தினமும் பிற்பகலில் ஓர் ஆண் குரல் கேட்கிறது என்று சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டம்மா முதலில் கண்டுபிடித்தபோது, மாடிப்படியில் அதைப் பற்றி ஒரு வாரம் பேசினார்கள். அப்புறம் உற்றுக் கேட்டதில் அந்த ஆண், "அவள் கதவைத் திறந்தாள் காற்புள்ளி, வெளியே யாரும் இல்லை முற்றுப்புள்ளி" என்று புத்தகம் படித்துக்கொண்டிருந்தான். கணவரின் பழைய ஒலிப்பதிவு. எல்லாருக்கும் சப்பென்று போயிற்று. இப்போதெல்லாம் சத்தம் கூடினால் பக்கத்து வீட்டம்மா சுவரில் இரண்டு தட்டு தட்டுவதோடு சரி.

படி ஒப்பிடுவது என்பார்கள். ஒருவர் மூலத்தை நிறுத்தற்குறிகளோடு உரக்கப் படிக்க, மற்றவர் அச்சுப்படியில் விரலை ஓட்டித் தொடர வேண்டும். இருபது வருஷம் அவர் படித்தார், அவள் தொடர்ந்தாள். பத்தி முடிகிற இடத்தில் வேண்டுமென்றே குறியைச் சொல்லாமல் நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு "முற்றுப்புள்ளி" என்பாள். தொண்டையில் அறுவை செய்ய வேண்டும், குரல் இருக்காது என்று மருத்துவர் சொன்ன அன்று சாயங்காலமே அவர் பதிவு செய்ய ஆரம்பித்தார். இருநூற்றுப் பன்னிரண்டு பதிவுகள். எல்லாம் 'நான்' பக்கத்தில். வேறு எங்கேயும் ஒரு பிரதி எடுத்து வைக்கவில்லை. ஊரார் எழுத்தில் ஒரு கமாவை விடாதவள், இதை விட்டுவிட்டாள்.

'நீ' பக்கம்தான் சில மாதமாக அப்கிரேடு செய்யவா, செய்யவா என்று நச்சரித்துக்கொண்டிருந்தது. அன்று சாப்பாட்டுக்கு அப்புறம், சனியனே செய்துகொள் என்று சம்மதம் கொடுத்தாள். ஒரு மணி நேரம் வட்டம் சுற்றிவிட்டு, கணினி அணைந்து, தும்மி, பத்து எண்ணாமல் நேரே அவள் பக்கத்தில் போய் நின்றது. மறுபடி அணைத்துப் போட்டாள். அதே கதை. 'நான்' என்று ஒரு வரி இருந்ததற்கான அடையாளமே இல்லை.

கணவரின் சிநேகிதர் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். சட்டைப் பையில் எப்போதும் திருப்புளி குத்தியிருப்பதால் ஸ்க்ரூ. அவருக்குப் போன் போட்டாள்.

"பயப்படாதீங்க அண்ணி. அப்கிரேடு பண்ணா அதுக்குக் கொஞ்சம் திமிர் வந்துடும். வாசல்ல நான் மட்டும்தான் நிப்பேன்னு நிக்கும். அண்ணன் பக்கம் உள்ள பத்திரமா இருக்கும். வழிதான் அடைச்சிருக்கு."

"அழிஞ்சிருந்தா?"

"அழிஞ்சிருக்காது."

"இருந்தா?"

ஸ்க்ரூ பேச்சை மாற்றினார். "நான் குடுத்த பச்சை பென் டிரைவ் இருக்குல்ல. அதைச் சொருகுங்க."

மணி நாலுகூட ஆகவில்லை. ஆனால் மழைக்கு மேகம் கட்டி, ஜன்னல் கண்ணாடியில் சாம்பல் பூசியதுபோல் வெளிச்சம் வற்றியிருந்தது. பென் டிரைவிலிருந்து பழுது பார்க்கும் நிரல் எழுந்து, வெள்ளை எழுத்துகளை வரிவரியாகக் கொட்ட ஆரம்பித்தபோது, அறையில் அந்த விசிறியின் இரைச்சலும், அதற்கு அடியில் வட்டு நகத்தால் மேசையைத் தட்டுவதுபோல் தட்டும் சத்தமும், சூடேறிய தூசியின் வாசனையும், அந்த வாசனைக்குள் மெல்ல மெல்ல இன்னொன்றும் கலந்து வந்தன. கிராம்பும் கசப்புமாக, கணவர் தொண்டைக்குக் கொப்பளித்த மருந்தின் வாசனை. அந்தப் புட்டியை அவள் எட்டு மாதத்துக்கு முன்பே குப்பையில் போட்டுவிட்டாள்.

"என்ன சொல்லுது அண்ணி?"

"கண்டுபிடிச்சது மூணுன்னு சொல்லுது."

"மூணா? ரெண்டுதான இருக்கணும். பழைய மிச்சம் ஏதாவது இருக்கும். சரின்னு குடுத்துட்டு ஆரம்பத்துலேர்ந்து போடுங்க."

போட்டாள். தும்மல். கறுப்புத் திரை. பத்து, ஒன்பது. அவளுக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது. 'நான்' வந்திருந்தது, தள்ளி நின்ற புள்ளியோடு. 'நீ' வந்திருந்தது. அதற்குக் கீழே மூன்றாவதாக ஒரு வரி.

நாங்கள்.

அவள் கவனித்தது சொல்லை அல்ல. இரண்டு புள்ளிகளை. ங் மேல் ஒன்று, ள் மேல் ஒன்று. இம்மி பிசகாமல், பேனா பிடித்து யாரோ வைத்ததுபோல், தலைக்கு நேர் மேலே.

சொல் அப்புறம்தான் உறைத்தது. கணவருக்கு ஆயுசுக்கும் வராத சொல் அது. "நாங்க சாப்பிடலாமா?" என்று அவளிடமே கேட்பார். "யாரோட சாப்பிடப் போறீங்க? என்னையும் சேத்துன்னா நாம. என்னை விட்டுட்டுன்னா நாங்க" என்று அவள் பாடம் எடுப்பாள். சிரிப்பார். மறுநாளும் அதையேதான் சொல்வார். மருத்துவமனையில் கடைசி நாள், பேச முடியாமல் சிலேட்டில் எழுதினார்: நாங்கள் கிளம்புகிறோம். அவள் விரலால் அழித்து 'நாம்' என்று திருத்தினாள். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். கட்டிலுக்கு இடப்பக்கம், யாரும் இல்லாத இடத்தை ஒருமுறை பார்த்தார். அவள் எழுதியதை அழித்துவிட்டு, பலப்பம் உடைய அழுத்தி, மறுபடியும் 'நாங்கள்' என்றே எழுதினார். "கடைசி வரைக்கும் திருந்த மாட்டீங்க" என்றாள். அவரிடம் அவள் பேசிய கடைசிப் பேச்சு அது.

'நான்' திறந்தது. அவர் வைத்த கடற்கரைப் படம், அவர் அடுக்கிய கோப்புகள். பதிவுகள் இருந்த கோப்புறையும் இருந்தது. திறந்தாள். உள்ளே ஒன்றுமில்லை.

அழிந்ததாகவும் தெரியவில்லை. வீடு மாறிப் போனவர்கள் துடைத்துப் பெருக்கிவிட்டுப் போன அறைபோல் இருந்தது.

மறுபடி அணைத்து, கறுப்புத் திரை வந்ததும், அம்புக்குறி விசையால் மூன்றாவது வரிக்கு இறங்கித் தட்டினாள். திரை இருண்டது. திறக்கவில்லை. ஆனால் மேசை ஒலிபெருக்கியில் சின்ன இரைச்சல் எழுந்து, அந்த இரைச்சலுக்குள், கதவு சாத்திய பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல், அவர் குரல் கேட்டது. என்ன படிக்கிறார் என்று பிடிபடவில்லை. காற்புள்ளி என்பது மட்டும் கேட்டது. அப்புறம் முற்றுப்புள்ளி. அவள் ஒலிபெருக்கியில் காதை வைத்தாள். மூன்று நொடி. திரை வெளுத்து, மறுபடி அந்த மூன்று வரிகள். பத்து, ஒன்பது.

இரண்டாம் முறையும் அப்படித்தான். குரலைக் காட்டியது, உள்ளே விடவில்லை.

"அண்ணி," என்றார் ஸ்க்ரூ. போன் காதோரமே இருந்ததை அவள் மறந்திருந்தாள். "அங்க யாரு படிக்கிறது?"

"அவர்தான். பதிவு."

"அது தெரியுது. கூட யாரு?"

அவள் ஒலிபெருக்கியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணன் சொல்றதையே நாலஞ்சு பேர் பின்னாடியே சொல்ற மாதிரி இருக்கே." குரலில் கேலி இல்லை. "அண்ணி, எனக்குச் சரியாப் படல. பென் டிரைவ்ல பூட் பண்ணி, மெனு எழுதியிருக்கிற ஃபைலத் தொறங்க. அந்த மூணாவது வரி இருக்கும். அத அழிச்சிடுங்க. நான் கடையப் பூட்டிட்டு வரேன்."

கோப்பு திறந்தது. வெள்ளைத் தாள் மாதிரி ஒரு திரை, அதில் அந்த மூன்று பெயர்கள். மூன்றாவதன் அருகில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. அழிக்க வேண்டும். ஒரு விரல் வேலை. ஆனால் அழித்தால் குரலும் போய்விடுமே. இருநூற்றுப் பன்னிரண்டும் அந்த வரிக்குப் பின்னால்தான் இருக்கின்றன. தவிர, எழுதியவர் சொல்லை அடித்துவிட அவளுக்கு என்ன உரிமை? அவள் வேலை அடிப்பது இல்லை. பிழை இருந்தால் திருத்துவது.

பிழை இருக்கத்தான் இருக்கிறது.

அதனால்தான் உள்ளே விடவில்லை என்று அவளுக்கு அந்த நொடி தெளிவாகத் தோன்றியது. நாங்கள் என்றால் அவள் வெளியே. இந்த மனிதருக்கு எத்தனை தடவைதான் சொல்வது? லேசாகச் சிரித்துக்கூட விட்டாள். 'ங்கள்' என்பதை அழித்தாள். 'ம்' என்று தட்டினாள்.

நாம்.

சேமித்து, பென் டிரைவைப் பிடுங்கி, அணைத்துப் போட்டாள்.

விசிறி தும்மவில்லை. ஓர் ஆள் மூச்சை உள்ளே இழுத்துப் பிடிப்பதுபோல் ஒரு சத்தம் வந்தது. கறுப்புத் திரை. 'நான்' இல்லை. 'நீ' இல்லை. நடுவில் ஒரே ஒரு வரி.

நாம்.

பத்து.

திருத்தம் சரியாக இருந்தது. புள்ளி நேராக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் சிலேட்டு நினைவுக்கு வந்தது. அவர் தலையை ஆட்டியது. இடப்பக்கம் பார்த்தது. அவள் எழுதிய சொல்லை உள்ளங்கையால் அவசர அவசரமாக, பயந்துபோய் அழித்தது.

அது பிழை இல்லை.

ஒன்பது.

அம்பைத் தட்டினாள். நகர வேறு வரி இல்லை. எட்டு. பொத்தானை அழுத்தினாள். அழுத்திப் பிடித்தாள்.

"அவள் பொத்தானை அழுத்திப் பிடித்தாள் காற்புள்ளி," என்றது ஒலிபெருக்கி. "அது அடங்கவில்லை முற்றுப்புள்ளி."

அவர் குரல்தான். பக்கத்து அறையிலிருந்து வரவில்லை. கதவு திறந்திருந்தது. ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் அரை மாத்திரை தாமதமாக, மற்றக் குரல்கள். கரகரத்தவை. கீச்சென்றவை. ஒரு குழந்தையுடையதுகூட.

ஏழு.

சுவரில் இரண்டு தட்டு. "புள்ளியம்மா, கொஞ்சம் சத்தத்தக் கொறைங்க. ஒருத்தர் படிச்சாப் பரவால்ல. இது என்ன பள்ளிக்கூடமா?"

கூப்பிட வாயைத் திறந்தாள்.

"அவளுக்குக் குரல் வரவில்லை முற்றுப்புள்ளி."

வரவில்லை.

ஆறு. ஐந்து.

மருந்து வாசனை. கழுத்துக்குப் பின்னால். சூடாக.

"அவள் கை மேசைமேல் இறங்கியது முற்றுப்புள்ளி."

இறங்கியது. ஆள்காட்டி விரல் நீண்டது. வரியைத் தொடரும்போது நீளுமே, அப்படி. இருபது வருஷப் பழக்கம். அவர் படிப்பார். அவள் தொடர்வாள்.

நாலு. மூன்று.

"அவள் திரும்பினாள் காற்புள்ளி."

இன்னும் திரும்பவில்லை. கழுத்தை விறைப்பாக்கிக்கொண்டாள். கழுத்து நகர்ந்தது. மெதுவாக. மூலம் எப்படியோ, அச்சுப்படியும் அப்படி.

இரண்டு.

"அவளுக்குப் பின்னால் நாம் எல்லாரும் நின்றுகொண்டிருந்தோம்."

அவர் நிறுத்தினார். குறியைச் சொல்லவில்லை. முன்பெல்லாம் நிறுத்துவாரே, அப்படி நிறுத்தி, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலில் பார்த்த அதே முகம். வேண்டாம் என்று அது மெல்ல ஆடியது. அவருக்கு இடப்பக்கம், ஜன்னல் வரை, கதவு வரை, தோளோடு தோள் இடித்துக்கொண்டு அத்தனை பேரும் அவள் வாயைப் பார்த்துக் காத்திருந்தார்கள்.

குறி இல்லாமல் ஒரு வாக்கியத்தை அவளால் விட முடிந்ததே இல்லை.

ஒன்று.

அவள் உதடு பிரிந்தபோது, அத்தனை வாய்களும் சேர்ந்து திறந்தன.