பாறை வரை ஒரு தூண்

ரெக்கார்டு பிளேயரின் தட்டு சுற்றவில்லை. ஆனாலும் ஈரச் சாக்கு மூட்டையை யாரோ கீழே வைத்ததுபோல, ஸ்பீக்கரில் தொப்பென்று ஒரு சத்தம்.

வில்ஹோ மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார். சனிக்கிழமைச் சாயங்காலம். ஜன்னலில் பாதிவரை பனி குவிந்து, வெளியே அதற்குள் இருட்டிவிட்டது. சமையலறையிலிருந்து ஏலக்காய் ரொட்டியின் வாசனை வந்தது. வாராந்திர நீராவிக் குளியலுக்காக லெம்பி நிலவறையில் மூட்டியிருந்த அடுப்பின் விறகுப் புகையும் அதோடு கலந்து வந்தது. தெருவில் பனி தள்ளும் லாரியின் உறுமல்கூட இல்லை.

"வில்ஹோ! நான் நடந்தா உன் பொட்டி இன்னும் குதிக்குதா?" சமையலறையிலிருந்து லெம்பி கத்தினாள்.

"எங்க, நட பாப்போம்!"

நடந்தாள். இடுப்பெலும்பு முறிந்து ஒட்டியதிலிருந்து மனைவியின் நடை எப்படியென்று அவருக்கு உறக்கத்திலும் தெரியும்: ஒன்று அழுந்த, ஒன்று இழுத்து. பலகைத் தரை அமுங்கி எழுந்தது. மேசைமேல் காப்பிக் கோப்பை கிணுகிணுத்தது. ஊசி அசையவில்லை.

"ஒண்ணும் கேக்கல!"

"அப்ப இனிமே நான் குதிச்சே ஆடலாம். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பூனை மாதிரி நடந்தேன்டா, கிழவா."

அவரைக் குறை சொல்ல வேண்டாம். அவளுக்காகத்தான் இத்தனையும் செய்தார். பழைய மரவீடு அது. அவள் அடியெடுத்து வைத்தால் ஊசி துள்ளும், இவர் முகம் சுளிப்பார், அவள் ஒரு கையில் ஊன்றுகோலோடு வாசலிலேயே தயங்கி நிற்பாள். அந்தத் தயக்கத்தை அவரால் பார்க்க முடியவில்லை. ரப்பர் பந்துகளைப் பாதியாக அறுத்து ரெக்கார்டு பிளேயருக்கு அடியில் வைத்தார். மணல் பெட்டி வைத்தார். சுவரில் பலகை அடித்துப் பார்த்தார். எதுவும் போதவில்லை. கடைசியில் இந்தக் கோடையில் தரையில் ஓட்டை போட்டு, நிலவறைத் தளத்தையும் உடைத்து, அடிப்பாறையின் மேலேயே ஒரு கான்கிரீட் தூண் எழுப்பினார். தூணைப் பலகை தொடாதபடி சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி. வீடு வேறு, தூண் வேறு. தூணின் தலையில் பிளேயர் ஏறி ஒரு வாரம்தான் ஆகிறது.

வீட்டை நினைத்தவர் பாறையை நினைக்கவில்லை. அந்த ஊருக்கு அடியில், மேலே இருக்கிற தெருக்களைவிட நீளமாகச் செம்புச் சுரங்கங்கள் ஓடின. எல்லாவற்றையும் மூடி, தண்ணீர் ஏறி, மறந்தும் போயிற்று.

வில்ஹோ வழக்கம்போலச் சோதித்தார். நிற்கிற தட்டில் ஊசியை வைத்து, ஒலியை முழுக்கக் கூட்டி, தூணை விரல் முட்டியால் தட்டினார். டொக், டொக், டொக்.

காப்பியோடு வந்த லெம்பி வாசலில் நின்றுவிட்டாள்.

"இப்படியா தட்டுற?"

"வாரம் பூரா இப்படித்தான் தட்டுறேன். ஏன்?"

"எங்கப்பா சுரங்கத்துல, ஆளுங்க ஏறி இறங்குற கூண்டை இழுக்கிற எந்திரத்துல இருந்தாரே. மணி ரெண்டு தட்டினா கீழ இறக்கணும். மூணு தட்டினா ஆளுங்களை மேல தூக்கணும்." சிரித்தாள். "வாரம் பூரா யாரைத் தூக்கச் சொல்லிட்டு இருக்க நீ?"

"உங்கம்மாவை."

"அவ வந்தா உன் ரெக்கார்டையெல்லாம் அடுப்புல போடுவா. இரு, விறகு வச்சிட்டு வரேன்."

நிலவறைப் படிகள் கிறீச்சிட்டு அடங்கின.

தொப். மறுபடி. அதன் பின்னால் இன்னொன்று.

வில்ஹோ குளிர்ப்பெட்டியை நிறுத்தினார். சூடேற்றியை நிறுத்தினார். வீடு செத்ததுபோல் அமைதியானது. ஸ்பீக்கர் அமைதியாகவில்லை. ஈரமான, கனத்த, அவசரமில்லாத காலடிகள், ஒன்றன்பின் ஒன்றாக, ஆழத்திலிருந்து ஏறி வந்தன. தூணைச் சுற்றியிருந்த இடைவெளியில் ஒரு வாடை கிளம்பியது. வெகுநேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்த சில்லறையின் வாடை.

காலடிகள் நின்றன.

பிறகு ஸ்பீக்கரில், நிதானமாக: டொக், டொக்.

இரண்டு.

மீண்டும் காலடிகள். இப்போது இறங்கின. அவற்றின் நடுவே ஒரு நடை. ஒன்று அழுந்த, ஒன்று இழுத்து.

வில்ஹோவுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. அவள் நடை இதில் கேட்கக் கூடாது. வீட்டுத் தரையில் அவள் குதித்தாலும் கேட்காது. பாறைமேல் நடந்தால்தான் கேட்கும்.

"லெம்பி!"

நிலவறைக் கதவைத் திறந்தார். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தண்ணீர் மொள்ளும் கரண்டி தரையில் கிடந்து இன்னும் ஆடியது. தூணின் அடியில் அவளுடைய ஊன்றுகோல், செருப்புகள். சுற்றிலும் ஈரம். ஆள் இல்லை. ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டையும் இல்லை.

திரும்பி ஓடி வந்தார். ஸ்பீக்கரில் இழுத்து வைக்கும் அந்தக் கால் தேய்ந்துகொண்டே போனது. ஆழத்துக்கு. இன்னும் ஆழத்துக்கு.

அவளை மேலே கொண்டுவர அவருக்குத் தெரிந்தது ஒரே வழி. என்னென்ன சேர்ந்து வரும் என்று தெரிந்துதான் கையை ஓங்கினார்.

டொக். டொக். டொக்.

எல்லாக் காலடிகளும் நின்றன.

திரும்பின.

ஏறின. பக்கத்தில். இன்னும் பக்கத்தில். ஸ்பீக்கரின் துணி அதிர்ந்தது. அவர் காதை ஒட்டி வைத்துத் தேடினார். எத்தனையோ கால்கள். இழுத்து வைக்கும் கால் எது? எங்கே?

சட்டென்று ஸ்பீக்கர் ஊமையானது.

போய்விட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். நெற்றியைத் தூணில் சாய்த்தார். அப்புறம்தான் உறைத்தது. போகவில்லை. பாறையை விட்டு ஏறிவிட்டார்கள்.

நிலவறைப் படி கிறீச்சிட்டது. மறுபடி. மறுபடி.

அவருக்குப் பின்னால் பலகை அமுங்கியது. ஒன்று அழுந்த, ஒன்று இழுத்து. அதன் பின்னால் இன்னொன்று, அழுந்த, இழுத்து. இன்னொன்று. அறை முழுக்க அதே நடை. சில்லறை வாடை. கோப்பை மேசையின் விளிம்புக்கு நகர்ந்து, விழுந்து, உடைந்தது.

வில்ஹோ திரும்பவில்லை. கண்ணைத் தட்டின்மேலேயே வைத்திருந்தார்.

ஊசி அசையவில்லை.