அப்பப்பா மீன் தின்ற பௌர்ணமிகள்

சித்திரா பௌர்ணமி அன்று புலம்பெயர்ந்த ஊரான பிளாட் புஷ்ஷில் கல்யாணியின் வீட்டுக்கு வந்த செல்வரத்தினம், உதவியாளர் ஸ்வர்ணா நீட்டிய மீன் ரோல்ஸைத் தொடவில்லை.

"அம்மா இல்லாத பிள்ளை நான். இண்டைக்கு விரதம்."

"எங்க மதுரைப் பக்கம் இப்படிக் கேள்விப்பட்டதில்லையே சார்!"

"எங்கட ஆக்கள் செத்த தகப்பனுக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திரா பௌர்ணமி பிடிப்பினம். அப்பாவின்ர அப்பா, எங்கட அப்பப்பாதான் குழப்படி. ஆடி அமாவாசை தவறமாட்டார், இந்தப் பௌர்ணமிக்கு மட்டும் மீன் கேப்பாராம். எங்கட அப்பா கலியாணம் கட்டின வருசம்தான் அவர் இந்த விரதம் தொடங்கினவராம்!"

சொல்லிவிட்டு அவரே குலுங்கிச் சிரித்தார். கல்யாணி சிரிக்கவில்லை.

பழைய பதிவேடுகளில் ஆட்களைத் தேடித் தருவது கல்யாணியின் தொழில். செல்வரத்தினம் தேடி வந்தது தன் பூட்டி அன்னபாக்கியத்தை, அதாவது அப்பப்பாவின் தாயை. இலங்கை மலைநாட்டில் காடு வெட்டித் தேயிலை நட்ட காலத்தில், தோட்டத்துக் கிளாக்கருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன யாழ்ப்பாணத்துப் பெண்; மகன் கைக்குழந்தையாய் இருந்தபோதே வாந்திபேதியில் போய்விட்டாள். வீட்டில் சொல்லிவந்த கதை இவ்வளவுதான்.

"அந்த மரணப் பதிவு வேணும், தங்கச்சி. மகள் பிரணவி, கடல் கடந்து கூலிக்கு வந்த தோட்டத்து ஆக்களின்ர பொடியனைக் கட்டப்போறாளாம். நாங்கள் ஆர் எண்டு அவையளுக்குக் காட்டவேணும்."

குளிர்காலம் பிறந்ததும் கல்யாணி செல்வரத்தினத்தைக் கூப்பிட்டார். மழையில் தகப்பனைக் காரில் ஏற்றி வந்த பிரணவி வெளியில் காரிலேயே இருந்துகொண்டாள்.

"நீங்கள் சொன்ன வருசங்களில பதிவே இல்லை, அண்ணை. பிறகுதான் அப்பப்பாவின்ர மீனை யோசிச்சன். தகப்பனுக்கு ஒழுங்காய் விரதம் பிடிச்ச மனிசன் தாய்க்கு ஏன் பிடிக்கேல்லை?"

"ஐயோ, அவங்க அம்மா உயிரோட இருந்திருக்காங்க!" ஸ்வர்ணா துள்ளினாள்.

"ஓம். அவர் விரதம் தொடங்கின வருசம்வரை. அந்த வருசத்தில தேடினன். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில செத்த கிழவி அன்னபாக்கியம். தொழில், கொழுந்து பறிக்கிறது. பிறந்த இடம் யாழ்ப்பாணம் இல்லை, இராமநாதபுரம்."

"அது வேற ஆரோ!"

"புருசன்ர பேர் உங்கட பூட்டன்ர பேர்தான், அண்ணை. பிள்ளையைப் பறிச்சுக்கொண்டு தன்னைக் கைவிட்டவன்ர பேரைக் கடைசிவரை சொல்லியிருக்கிறா. உறவினர் எண்ட இடத்தில 'ஒருவரும் இல்லை'."

கல்யாணி குரலைத் தணித்தார்.

"தாய் செத்தது அவருக்குத் தெரிஞ்சிருக்கு. இல்லாட்டி அந்த வருசம் விரதம் தொடங்கியிருக்கமாட்டார். அதுவரை அவ உயிரோட இருந்ததும் தெரிஞ்சிருக்கு."

செல்வரத்தினத்துக்குக் காது சுட்டது. எத்தனை கலியாண வீடுகளில் அந்த மீன் பகிடியைச் சொல்லிச் சிரிக்கவைத்திருப்பார்!

காரில் ஏறியவர் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீ கட்டப்போற அனுஷன்ர தாய் தகப்பன் மங்கரேயிலயோ இருக்கினம்?"

"ஓம். ஏன், அப்பா? சண்டை பிடிக்கவோ?"

"இல்லையம்மா. விடு காரை." அவர் நனைந்த கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாங்கள் ஆர் எண்டு அவையளுக்குச் சொல்லவேணும்."