ஆறாம் நம்பர் அறையில் ஏறிய எண்!

"ஐயோ...! என்னங்க...!"

அலறல் ஆறாம் நம்பர் அறையிலிருந்து கிளம்பி வராந்தாவைக் கடந்து ரிசப்ஷனுக்கு வந்தபோது, ரிசப்ஷனிஸ்ட் பிரின்சியின் வாயில் பாதி தேங்காய் பன் இருந்தது.

மீதிப் பாதி கீழே விழுந்தது. அவள் ஓடினாள்.

தோணிரேவு ஏரிக்கரையில் இருக்கிறது அந்த லாட்ஜ். மொத்தமே எட்டு அறைகள். ஏழு அறைகளில் கருவாட்டு வியாபாரி செசிலியாவின் மகள் கல்யாணத்துக்கு வந்த ஜனம். ஆறாம் நம்பரில் மட்டும் பூநாரை பார்க்க வந்த சென்னை ஜோடி. ராமன், அர்ச்சனா.

பூநாரை பார்க்க வந்த ராமன் இப்போது எதையும் பார்க்கவில்லை. கட்டிலில் மல்லாந்து கிடந்தான். வாய் பிளந்திருந்தது. கண்கள் செருகியிருந்தன.

"நல்லாத்தானே தூங்கினாரு...! இந்த ஏ.சி.தான் அவரைக் கொன்னுடுச்சு!" அர்ச்சனா தலையில் அடித்துக்கொண்டாள்.

"யாரும் உள்ள வராதீங்க!"

கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார் மேனேஜர் ஸ்டீபன். மூக்கைக் கர்ச்சீப்பால் பொத்தியபடி உள்ளே போய் ராமனின் மணிக்கட்டைப் பிடித்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"முடிஞ்சுது! ஏ.சி. கேஸு லீக் ஆயிருக்கு. எல்லாரும் கரைக்கு ஓடுங்க! எதையும் எடுக்காதீங்க!"

"சார்... நாலாம் நம்பர்ல பொண்ணு நகை கீது..." செசிலியா பதறினாள். "வெயில்ல கருவாட்டுக் கூடை சுமந்து சேத்தது சார். நாளைக்குத் தாலி கட்டணும்!"

"நகை முக்கியமா, உசுரு முக்கியமா? ரூமைப் பூட்டி சாவியை நானே வெச்சுக்கறேன். போம்மா!"

செசிலியா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். லாட்ஜ் காலியாகிவிட்டது.

ஸ்டீபன் ஆறாம் நம்பரைப் பூட்டினார். பிரின்சியை ஓரமாக இழுத்தார்.

"ஏ.சி.க்கு வெளிக்காத்து வர்ற ஓட்டையில துணி அடைச்சது யாரு?"

பிரின்சி தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள்.

போன மாதம்தான் அத்தனை அறைக்கும் புது ஏ.சி. வந்தது. பொருத்தியவர் பழவேற்காடு உவைஸ். "இது சும்மா குளுரு மட்டும் அடிக்கிற மெஷின் இல்ல, பிரின்சி. வெளிக்காத்தை இழுத்து, தூசியை வடிகட்டி உள்ள வுடும். உள்ள கீற கெட்ட காத்தை வெளிய தள்ளும். எந்த ரூம்ல காத்து எப்படின்னு இந்த போர்டுல நம்பர் வரும். குளுரையும் இதுலயே ஏத்தி எறக்கலாம்" என்று ரிசப்ஷன் சுவரைக் காட்டி விளக்கினார். பிரின்சி தலையாட்டிக் கேட்டாள். ஸ்டீபன் போனில் கடலை போட்டுக்கொண்டிருந்தார்.

வெளிக்காற்றாம்! தோணிரேவில் வெளிக்காற்று என்றால் கருவாட்டுக் காற்றுதான்! வெளியூரிலிருந்து வந்து தங்கியவர்களெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு கத்த, ஸ்டீபன் ஓர் உத்தரவு போட்டார். பிரின்சி பழைய பெட்ஷீட்டைக் கிழித்து எட்டு ஓட்டைகளையும் தன் கையாலேயே அடைத்தாள்.

"சார்... நீங்கதானே அடைக்கச் சொன்னீங்க?"

"நான் சொன்னேன்னு யார் சாட்சி? போலீசு வந்தா உன் கையிலதான் காப்பு! உன் நல்லதுக்குச் சொல்றேன். பின்வாசல் வழியா சுண்ணாம்புக்குளம் போயிடு. உங்க நைனா வூட்ல கொஞ்ச நாளு பதுங்கிக்க."

அப்போது அவர் பாக்கெட்டில் சேவல் கூவியது. 'கொக்கரக்கோ...!' அவருடைய ரிங்டோன் அதுதான். அந்த லாட்ஜில் யார் தூங்கினாலும் அதற்குப் பொறுக்காது.

"ஆம்புலன்சுக்காரன். ரோட்டுக்குப் போய் கூட்டிக்கினு வரேன்" என்று நகர்ந்துவிட்டார்.

பிரின்சி பின்வாசலைப் பார்த்தாள். ஓர் ஆளைக் கொன்றுவிட்டேன்! கொலைகாரி! ஊரெல்லாம் என் மகள் லாட்ஜில் கம்ப்யூட்டர் தட்டுகிறாள் என்று பீற்றிக்கொள்ளும் நைனா முகத்தில் எப்படி விழிப்பேன்? அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

ஹேண்ட்பேக்கை எடுக்க ரிசப்ஷனுக்கு ஓடியவள், சுவரைப் பார்த்தாள். நின்றாள்.

ஏழு அறைகளின் எண்கள் அசையாமல் இருந்தன.

ஆறாம் நம்பர்... 910... 918... 926...

ஏறியது!

போனை எடுத்தாள்.

"உவைஸ் பாய்! நான் ஒரு ஆளைக் கொன்னுட்டேன்!"

"சோறு துன்னுக்கினு கீறேன்மா. கை கழுவிட்டு வந்து பேசட்டா?"

"நெசமா பாய்! காத்து வர்ற ஓட்டையில துணி அடைச்சுட்டேன். ஆறாம் நம்பர் ஆளு செத்துட்டாரு!"

"அடைச்சியா? அடிப்பாவி! மெஷினோட உசுரே அந்த ஓட்டைதானே! ஆனா அதுக்குத் தலைவலி வரும், அசதி வரும். பட்டுனு சாவு எப்படி வரும்? சரி, போர்டு இன்னா காட்டுது?"

"ஆறாம் நம்பர் ஏறிக்கினே போவுது."

"உள்ள எத்தினி பேரு?"

"யாருமில்ல. பொணம் மட்டும்தான். வெளிய பூட்டு."

மறுமுனையில் சோறு மெல்லும் சத்தம் நின்றது.

"பிரின்சி... அந்த நம்பரு, ஆளுங்க வுடற மூச்சுக்காத்தைத்தான் காட்டுது. ஆளில்லாத ரூம்ல ஏறாது!"

"அப்போ...?"

"உன் பொணம் மூச்சு வுடுது!"

பிரின்சி 'ஹா' என்று வாயைப் பொத்திக்கொண்டாள். நான் கொல்லவில்லை! யாருமே சாகவில்லை! அழுகை பாதியில் சிரிப்பாக மாறி, மூக்கு வழியாக வெளியே வந்தது.

அதே நொடி... ஆறாம் நம்பர் எண் சரசரவென்று இறங்கியது. யாரோ கதவைத் திறந்திருக்கிறார்கள்!

அடுத்து... நாலாம் நம்பர் ஏற ஆரம்பித்தது.

பிணம் எழுந்து, நடந்து, செசிலியாவின் நகை இருக்கும் அறைக்குள் போயிருக்கிறது!

"பாய், போலீசுக்குச் சொல்லுங்க!"

செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனைநடை நடந்தாள். நாலாம் நம்பர் கதவு சாத்தியிருந்தது. உள்ளே பீரோ முனகியது. பூட்டு திறந்தபடி கொண்டியில் தொங்கியது, சாவியோடு.

மெதுவாக... மெதுவாக... வெளித் தாழ்ப்பாளைத் தள்ளினாள். பூட்டை மாட்டி அழுத்தினாள்.

'க்ளிக்!'

உள்ளே முனகல் நின்றது. பிரின்சிக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. குதித்தாள். முதல் வேலையாக மேனேஜருக்கு போன் போட்டாள். மனுஷன் பாவம், ரோட்டில் ஆம்புலன்ஸுக்குக் காத்துக்கிடப்பாரே!

ரிங் போனது.

நாலாம் நம்பர் அறைக்குள்... சேவல் கூவியது.

'கொக்கரக்கோ...!'

பிரின்சிக்குப் பூட்டைத் திறந்த சாவி யாருடையது என்று புரிந்துவிட்டது. பயம் போய் ஆத்திரம் வந்தது. என்னைக் கொலைகாரி ஆக்கிவிட்டு, ஓடச் சொல்லி வழியும் காட்டினாயா?

"பிரின்சி... கதவைத் தொறம்மா..." ஸ்டீபன் குரல் குழைந்தது. "நான் பொணத்தை... செக் பண்ண வந்தேன்."

"பொணம் ஆறாம் நம்பர்ல இல்ல கீது? நாலாம் நம்பருக்கு எப்போ சார் வாடகைக்கு வந்துச்சு?"

"தொறடி! மூச்சு முட்டுது!"

"ஓட்டையை அடைக்கச் சொன்னது நீங்கதானே சார்!"

ரிசப்ஷனுக்குப் போய் போர்டில் நாலாம் நம்பரைத் தொட்டாள். குளிரைப் பதினாறுக்கு இறக்கி, காற்றாடியை முழு வேகத்தில் வைத்தாள். பிணம் கெட்டுப்போகக் கூடாது, பாருங்கள்!

அப்புறம் கரைக்கு ஓடினாள். அங்கே அத்தனை ஜனமும் படகு நிழலில் உட்கார்ந்து, அர்ச்சனாவோடு சேர்ந்து அழுதுகொண்டிருந்தது.

"செசிலியாக்கா! அவ புருஷன் சாவல! நாலாம் நம்பர்ல உன் நகையை மூட்டை கட்டிக்கினு கீறான்! உள்ள வெச்சுப் பூட்டிட்டேன்!"

அர்ச்சனாவின் அழுகை பைப்பை மூடியதுபோல் நின்றது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். நாலடிதான். கருவாட்டுக் கூடை தூக்கிய கை ஒன்று அவள் கொண்டையைப் பிடித்தது.

"இன்னாடி அவசரம்? ஒண்ணா சேர்ந்து அழுதோமில்ல? உனக்காக என் கண்ணீரை வேற செலவு பண்ணிட்டேன்டி!" என்றாள் செசிலியா.

சப்-இன்ஸ்பெக்டர் பச்சைமுத்து ஜீப்பில் வந்து இறங்கினார். நாலாம் நம்பர் திறக்கப்பட்டது.

ஸ்டீபன் விறைத்துப்போய் வெளியே வந்தார். "சா... சார்! இந்தப் பொண்ணுதான் கொ... கொலைகாரி! துணி அடைச்சு ஆளைக் கொன்னுட்டா!"

"அப்படியா? செத்தவரு எங்க?"

உள்ளே கல்யாணப் பட்டுப்புடவையைப் போர்த்திக்கொண்டு, நகை மூட்டையை அணைத்தபடி கட்டிலடியில் பதுங்கியிருந்த செத்தவர் பதில் சொன்னார்.

"அ... அச்ச்ச்சூ!"

செசிலியா மூட்டையைப் பிடுங்கிப் பிரித்துப் பார்த்தாள். எல்லாம் இருந்தது. பிரின்சியைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள்.

"எப்படிம்மா கண்டுபிடிச்சே?" என்றார் பச்சைமுத்து.

"மேனேஜர் சார் புண்ணியம்தான் சார். துணி அடைக்காம இருந்திருந்தா வெளிக்காத்து வந்து, அந்த ஆளு வுட்ட மூச்சைத் துடைச்சுக்கினு போயிருக்கும். நம்பர் இந்த ஏறு ஏறியிருக்காது. மாட்டிக்கறதுக்கு அவரே ஏற்பாடு பண்ணியிருக்காரு!"

ஸ்டீபன் தலையில் கை வைத்துக்கொண்டார். பிரின்சி ஓட்டையிலிருந்த துணியை உருவி எறிந்தாள். ஏரிக்காற்று குப்பென்று உள்ளே வந்தது, தன் கருவாட்டு வாசனையோடு.

ஜீப்பில் ஏறும்போது ராமன் பல் தந்தியடிக்கக் கேட்டான்.

"சார்... லாக்கப்புல ஏ.சி. கிடையாதுதானே?"

"ஏ.சி. இல்லடா. ஆனா வெளிக்காத்து நல்லா வரும்... கருவாட்டுச் சந்தைக்கு எதிர்லதான் ஸ்டேஷன்!"