ஒரு பாட்டுக்கு ஒரே ஒலி

ஒப்புக்கேட்பு மன்றத்தில் வழக்கம்போல் இரண்டு ஒலிகளும் தயாராயின. சுழல்மேடையில் பழைய வினைல் இசைத்தட்டு. பக்கத்தில் குமணன் மறுசீரமைத்த டிஜிட்டல் பிரதி. குமணன் மீசையைத் தடவியபடி உட்கார்ந்திருந்தான். அவன் பிரதி இதுவரை எந்தத் தட்டிடமும் தோற்றதில்லை. அந்தப் பெருமையைக் கேன்டீன் வரை சொல்லிக்கொண்டு திரிவான்.

இயந்திரங்கள் ஒரே பாட்டை ஆயிரம் விதமாகப் பாடித் தள்ளி, எது யார் குரல் என்றே தெரியாமல் போன பிறகு வந்த சட்டம் இது: ஒரு பாட்டுக்கு ஒரே ஒலி. மன்றத்தில் வெல்வது ஊருக்குப் போகும். தோற்பதை அழித்துவிடுவார்கள்.

இன்றைய தட்டு செண்பகவல்லியின் வயலின். இளவயதில், நிறுத்தவோ திருத்தவோ வழியில்லாமல், வாசிக்க வாசிக்க நேரடியாகத் தட்டில் வெட்டியது. எழுபதைத் தாண்டிய அவரும் பட்டுப்புடவையில் வந்து முன்வரிசையில் அமர்ந்திருந்தார்.

இரண்டும் ஒலித்தன. தட்டில் நடுவே ‘டப்’பென்று ஒரு சத்தம், அதன்பின் ஒலி சற்று மங்கியது. பிரதியோ கடைசிவரை பளிச்சென்று இருந்தது. மன்ற உறுப்பினர் மூவரும் பிரதிக்கே கை தூக்கினார்கள். இனி, பிரதி செய்தவன் என்ற முறையில் குமணன் முத்திரை வைக்க வேண்டியதுதான் பாக்கி.

“தம்பி, அந்த டப் சத்தம் எங்கப்பா போச்சு?” என்றார் செண்பகவல்லி.

“கீறல்மா, எடுத்துட்டேன். முள்ளு உள்வட்டத்துக்குப் போகப் போக எல்லாத் தட்டும் மங்கும். அதையும் சரி பண்ணிட்டேன்.”

“கீறலா? என் வயலினோட மேல் தந்தி அறுந்த சத்தம்ப்பா அது! மிச்சம் பூரா மூணு தந்தியில வாசிச்சேன். மேல்ஸ்தாயி மொத்தத்தையும் அடுத்த தந்தியிலயே ஏறிப் பிடிச்சேன். நாலு தந்தியில யாரு வேணா வாசிப்பாங்க. இந்தத் தட்டையும் அழிச்சிட்டீங்கன்னா, நான் அப்படி வாசிச்சேன்னு சொல்ல உலகத்துல என்ன இருக்கு?”

குமணனுக்குச் சுருக்கென்றது. முள்ளை மறுபடி வைத்துக் கேட்டான். மங்கல் என்று அவன் நினைத்தது தடித்த தந்தியின் நாதம். ஒரு ஸ்வரம்கூட இடம் பிசகவில்லை. அறுந்துபோன தந்தியில் அவன் இயந்திரம்தான் இல்லாத வாசிப்பை வாசித்திருந்தது. வெட்கமாக இருந்தது, அதைவிட மலைப்பாக இருந்தது.

முத்திரையைப் பையில் போட்டுக்கொண்டான். “என் பிரதிய அழிச்சிடுங்க சார். தட்டு போகட்டும்.”

மன்றத் தலைவர் திகைத்தார். “இது உன் முதல் தோல்விப்பா. கேட்டா என்ன காரணம் சொல்றது?”

“என் மெஷினைவிட அம்மா நல்லா வாசிச்சிருக்காங்கன்னு சொல்லுங்க.”

செண்பகவல்லி எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

“அது எனக்கு அன்னிக்கே தெரியும்” என்றார்.